குன்னூரில் வயதான தாயாருக்குத் துணையாக, மீட்புக் குழுவிடமிருந்து ஷிட்ஸு நாயைத் தத்தெடுக்கலாமா?

குன்னூர்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். குன்னூரில் பெட்ஃபோர்டை அடுத்த சரிவில் ஒரு வாடகை வீட்டில் நானும் என் தாயாரும் வசிக்கிறோம். அம்மாவுக்கு 71 வயது ஆகிறது. அப்பாவின் மறைவுக்குப் பிறகு, நான் வேலை முடிந்து திரும்பும் வரை அவர் வீட்டில் தனியாகத்தான் இருக்கிறார். மடியில் வைத்துக்கொள்ளும் அளவுக்குச் சிறிய நாய் ஒன்று வேண்டும் என்று நெடுநாளாகச் சொல்லி வருகிறார். காசு கொடுத்துக் குட்டி வாங்க எங்கள் இருவருக்குமே மனம் வரவில்லை என்பதாலும், குட்டியின் பின்னால் ஓடியாட அம்மாவின் முழங்கால் இடம் கொடுக்காது என்பதாலும், கைவிடப்பட்ட நாய்களை மீட்டு வீடு தேடித் தரும் கோயம்புத்தூர்க் குழு ஒன்றைத் தொடர்பு கொண்டோம்.

அவர்களிடம் ஏறத்தாழ 5 வயதுள்ள ஷிட்ஸு பெண் நாய் ஒன்று இருக்கிறது. குட்டி ஈனுவதற்காகவே கூண்டில் வைத்து வளர்க்கப்பட்டு, இனிமேல் பயன்படாது என்றானதும் தெருவில் விடப்பட்ட நாய் அது. கருத்தடை அறுவை சிகிச்சையும் தடுப்பூசிகளும் முடிந்துவிட்டன. சொத்தையான பற்கள் சில பிடுங்கப்பட்டிருக்கின்றன. வலது கண்ணில் பழைய புண் ஆறிய வெண்தழும்பு தெரிகிறது. படத்தைப் பார்த்த நாளிலிருந்து அம்மா அதற்குப் பெயர் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

ஆனால் எனக்குச் சில தயக்கங்கள் இருக்கின்றன. சமவெளியில் வளர்ந்த இந்தச் சின்ன உடம்பு, ஐப்பசி கார்த்திகையில் இங்கே விடாமல் பெய்யும் மழையையும் மார்கழிக் குளிரையும் தாங்குமா? எங்கள் தெருவில் இரவு நேரத்தில் சிறுத்தை நடமாட்டம் இருக்கிறது. வீட்டுக்குச் சுற்றுச்சுவர் கிடையாது, பின்புறம் தேயிலைத் தோட்டம். அம்மா நடக்கும்போது நாய் காலில் இடறி அவர் விழுந்துவிட்டால் என்ன செய்வது என்ற கவலையும் உண்டு. இவை போதாதென்று, குழுவினர் வீட்டு உரிமையாளரின் சம்மதக் கடிதம், வீட்டை நேரில் பார்வையிடுதல், எங்களால் வளர்க்க முடியாமல் போனால் பொறுப்பேற்பவரின் விவரம் ஆகியவற்றைக் கேட்கிறார்கள். ஒரு நாய்க்கு இவ்வளவு விசாரணையா என்று உறவினர்கள் முகம் சுளிக்கிறார்கள். எனக்கு அது தவறாகத் தோன்றவில்லை. ஆயினும் பதிலுக்கு நான் அவர்களிடம் என்னென்ன கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது புரியவில்லை. மலைப்பகுதியில் சிறிய நாய் வளர்க்கும் அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

கோத்தகிரி ஹட்டிக்காரர் எழுதியது:

வணக்கம் சகோதரி. நாயைத் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள்; ஆனால் சிறுத்தை விஷயத்தை முதலில் தீர்த்துவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஹட்டியில், அதாவது படகர் கிராமத்தில், நாய் இல்லாத வீடு குறைவு, நாயைச் சிறுத்தைக்குப் பறிகொடுக்காத வீடும் குறைவு. பெரிய நாயையே தூக்கிச் செல்லும் விலங்குக்கு, ஐந்தாறு கிலோ எடையுள்ள ஷிட்ஸு ஒரு பொருட்டே அல்ல.

பொழுது சாய்ந்த பிறகு நாய் வீட்டுக்குள்தான் இருக்க வேண்டும். திண்ணையும் வீட்டுக்குள் என்று கணக்காகாது. கம்பி வலை அடிக்காத தாழ்வாரமும் அப்படித்தான். வாசலில் சங்கிலியில் கட்டிவைப்பது எல்லாவற்றையும்விடக் கொடுமையானது, ஏனென்றால் கட்டப்பட்ட நாயால் ஓடி ஒளியக்கூட முடியாது. வெளி விளக்கு எரிந்தால் சிறுத்தை வராது என்று பலர் நம்புகிறார்கள். பழகிப்போன சிறுத்தை வெளிச்சத்திலேயே படியேறி வந்ததை எங்கள் ஊரில் பார்த்திருக்கிறோம். பின்கதவின் கீழே எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று குனிந்து பாருங்கள். பயந்த சிறிய நாய் நுழைந்து வெளியேற ஒரு சாண் அகலம் போதும், நீங்கள் குளியலறையில் இருக்கும் நேரத்தில் அது தேயிலைச் செடிகளுக்குள் போய்விடும்.

விடியற்காலையிலும் இரவிலும் சிறுநீர் கழிக்க வைப்பதற்குத்தான் நல்ல ஏற்பாடு வேண்டும். நான் சொல்லும் வழி, வீட்டுக்குள்ளேயே அல்லது வலை அடித்த முற்றத்தில் ஒரு மூலையைப் பழக்கிவிடுவது. சிறிய இனத்தில் இது சாத்தியம். வெளியே கொண்டுபோகத்தான் வேண்டும் என்றால் நீங்கள் போங்கள், அம்மாவை அனுப்பாதீர்கள். டார்ச் அடித்துச் சுற்றிலும் பார்த்த பிறகு, கயிற்றைக் குட்டையாகப் பிடித்துப் பக்கத்திலேயே நில்லுங்கள். மிச்சச் சோற்றை வெளியே வைக்க வேண்டாம், அது காட்டுப்பன்றியையும் கரடியையும் வாசலுக்கு அழைத்துவிடும்.

பகலில் காட்டெருமை எதிர்ப்பட்டால் நாய் குரைக்கத்தான் செய்யும். குரைக்கும் நாயைப் பார்த்து மிரண்ட காட்டெருமை, நாயைப் பிடித்திருப்பவரை நோக்கித்தான் வரும். உடனே நாயைத் தூக்கிக்கொண்டு, முதுகைக் காட்டாமல் பின்னோக்கி நகர்ந்து விலகிவிட வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் சிறிய நாய் வைத்திருப்பது வசதி.

கால்நடை மருத்துவர், ஓய்வு எழுதியது:

அன்புள்ள சகோதரிக்கு, குளிரைப் பற்றிய உங்கள் பயம் ஓரளவுக்குத் தேவையற்றது. ஷிட்ஸுவின் முன்னோர் திபெத்திலிருந்து சீன அரண்மனைகளுக்குச் சென்ற நாய்கள் என்பார்கள். அதற்கு இரட்டை அடுக்கு ரோமம் உண்டு. மூக்கு குட்டையான நாய்களுக்கு உண்மையான எதிரி வெயில்தான். அவற்றால் வேகமாக மூச்சிரைத்து உடல் சூட்டைத் தணித்துக்கொள்ள இயலாது. அந்த வகையில் கோயம்புத்தூரைவிடக் குன்னூர் அதற்கு நல்ல இடம். சித்திரை, வைகாசியில் சமவெளிக்குப் போகும்போது உடன் அழைத்துச் செல்லாதீர்கள். நிறுத்திய காரில் ஒரு நிமிடம்கூடத் தனியே விடாதீர்கள்.

இங்கே தொல்லை தருவது ஈரம். மூடுபனி நாட்களில் ரோமத்தின் மேற்பகுதி காய்ந்ததுபோல் இருக்கும், ஆனால் காதுக்குப் பின்புறமும் அக்குளும் விரல் இடுக்கும் நசநசவென்று நனைந்திருக்கும். அங்கேதான் முதலில் சடை பிடிக்கிறது. சடைக்கு அடியில் தோல் சிவந்து, புளித்த வாடை வரத் தொடங்கினால் பூஞ்சைத் தொற்று ஏற்பட்டுவிட்டது என்று பொருள். கண்காட்சி நாய்களைப்போல் ரோமத்தைத் தரை வரை வளர்க்க வேண்டாம். உடம்பு முழுவதும் ஒரு விரல்கடை அளவுக்கு வெட்டி வைத்துக்கொண்டு, தினமும் அடிவரை சீப்பு இறங்கும்படி வாரிவிடுங்கள். மழையில் நனைந்தால் துண்டால் ஒற்றி எடுத்துவிட்டு, மிதமான சூட்டில் டிரையர் காட்டித் தோல் வரை உலர்த்த வேண்டும். ஒட்டச் சிரைப்பதும் கூடாது. அப்படிச் செய்தால் மார்கழியில் ஸ்வெட்டர் போட்டும் நடுங்கும்.

குளிருக்காக நம் ஊரில் செய்யும் இரண்டு காரியங்கள் நாய்க்கு ஆபத்தானவை. மூடிய அறையில் கரிக் கணப்பு வைப்பது ஒன்று. அது மனிதர்களுக்கும் உயிராபத்துதான். மற்றொன்று நீலகிரித் தைலம். சளிக்கும் உண்ணிக்கும் நல்லது என்று நாயின் மேல் தடவுகிறார்கள். நாய் அதை நக்கி விழுங்கினால் வாந்தி, தள்ளாட்டம், வலிப்பு வரை போகலாம். கற்பூரமும் அவ்வாறே. அம்மா முழங்காலுக்குத் தைலம் தேய்ப்பவராக இருந்தால், தேய்த்த உடனே நாயை மடியில் ஏற்ற வேண்டாம் என்று சொல்லிவையுங்கள்.

கண்ணைப் பற்றிச் சற்று அழுத்தமாகவே சொல்ல விரும்புகிறேன். இந்த இனத்துக்கு விழி வெளித்தள்ளி இருப்பதால் கருவிழியில் எளிதில் கீறல் விழும், கீறல் விரைவாகப் புண்ணாகும். உங்கள் நாய்க்கு ஏற்கெனவே ஒரு தழும்பு இருப்பதால் இன்னும் கவனம் வேண்டும். ஒரு கண்ணை மட்டும் பாதி மூடி வைத்திருந்தாலோ, தரையில் முகத்தைத் தேய்த்தாலோ, அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். வீட்டில் மீந்திருக்கும் சொட்டு மருந்தை ஊற்றாதீர்கள். ஸ்டீராய்டு கலந்த சொட்டாக இருந்தால் புண் ஆழமாகி விழியே ஓட்டையாகிவிடக்கூடும்.

பல முறை ஈன்ற நாய் என்பதால், மாதம் ஒரு முறை மல்லாக்கப் படுக்கவைத்து, பால்மடி வரிசைகளை விரலால் தடவிப் பாருங்கள். பட்டாணி அளவில் கட்டி தட்டுப்பட்டாலும் காட்ட வேண்டும். கருத்தடை முடிந்துவிட்டது நல்லதாயிற்று. முடிக்காத நாய்களுக்குச் சினைக்காலம் கழிந்த சில வாரங்களில் கருப்பையில் சீழ் பிடித்து உயிருக்கே ஆபத்தாவதுண்டு. மிஞ்சிய பற்களின் நிலை என்ன, இதயத்தில் முணுமுணுப்பு கேட்டதா, முழங்கால் சில்லு விலகுகிறதா என்று அறுவை சிகிச்சை செய்த மருத்துவரின் குறிப்பைக் குழுவிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கழுத்துப்பட்டைக்குப் பதிலாக மார்பைச் சுற்றிப் போடும் ஹார்னஸ் வாங்குங்கள். சிறிய நாய்களின் மூச்சுக்குழல் இழுப்பைத் தாங்காது.

ஆண்டுதோறும் வெறிநோய்த் தடுப்பூசியைத் தவறவிடாதீர்கள். 1907 முதல் பாஸ்டியர் நிறுவனம் இயங்கிவரும் ஊரில் வசிக்கிறீர்கள். அறிகுறி தோன்றிய பின் அந்த நோய்க்கு மருந்தில்லை என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. டிஸ்டெம்பர், பார்வோ என்னும் வைரஸ் நோய்கள், எலிக்காய்ச்சல் ஆகியவற்றுக்கான கூட்டுத் தடுப்பூசியும் அவசியம். நம் வீட்டு நாயிடமிருந்து டிஸ்டெம்பர் காட்டிலுள்ள செந்நாய்களுக்கும் பரவக்கூடும் என்பதால், மலையில் வளர்ப்பவர்களுக்கு இதில் கூடுதல் கடமை இருக்கிறது. தோட்டத்துக்குள் போய்வந்த நாளில் உண்ணி, அட்டை தேடுங்கள். ஈறு வெளுத்து, சிறுநீர் காப்பி நிறத்தில் போனால் அது உண்ணிக் காய்ச்சல். மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது.

தீனி விஷயத்தில் ஒன்றுதான். சாக்லேட், திராட்சை, வெங்காயம் மூன்றும் நஞ்சு. நம் ஊர் மொறுமொறு தின்பண்டமான வர்க்கி நஞ்சில்லை, ஆனால் அதிலுள்ள கொழுப்பு சிறிய நாய்க்குக் கணைய அழற்சியைக் கொண்டுவரும். தேநீர் நேரத்தில் அம்மா ஆசையாக நீட்டுவார்; அந்தக் கைக்குப் பக்கத்தில் வேகவைத்த கேரட் துண்டுகளை ஒரு கிண்ணத்தில் வைத்துவிடுங்கள்.

குன்னூர்வாசி எழுதியது:

இருவருக்கும் மிகுந்த நன்றி. அம்மா தினமும் இரவில் நீலகிரித் தைலம் தேய்ப்பவர்தான். இனி நாய் தூங்கிய பிறகு, கதவைச் சாத்திக்கொண்டு தேய்ப்பதாகச் சொல்கிறார். பின்கதவின் இடைவெளியை அளந்து பார்த்தேன், ஒரு சாணுக்கும் மேலாகவே இருக்கிறது. தச்சரை வரச் சொல்லியிருக்கிறேன். குழுவினரின் விசாரணை பற்றியும், நாய் வந்தபின் தொடக்க நாட்கள் பற்றியும் யாரேனும் சொன்னால் உதவியாக இருக்கும்.

உதகை வளர்ப்பகம் எழுதியது:

வணக்கம். மீட்கப்பட்ட நாய்களுக்கு நிலையான வீடு அமையும் வரை அவற்றை என் வீட்டில் தற்காலிகமாக வைத்துப் பராமரிக்கிறேன். குழுவினர் கேட்கும் கேள்விகள் உங்களை அவமதிப்பதற்காக அல்ல. இலவசமாகக் கிடைக்கும் இன நாயை, தத்தெடுப்பதாகச் சொல்லி வாங்கிப்போய் மீண்டும் குட்டி ஈனவிட்டு விற்பவர்கள் இருக்கிறார்கள். நாய்களை இனப்பெருக்கம் செய்து விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும் என்றும், 8 வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது என்றும் 2017ஆம் ஆண்டின் விதிகள் சொல்கின்றன. இருந்தும் பதிவு இல்லாமல் மொட்டைமாடிக் கூண்டுகளில் தொழில் நடக்கிறது. அந்தக் கூண்டிலிருந்து வந்ததுதான் உங்களுக்காகக் காத்திருக்கும் நாய். எந்தக் கேள்வியும் கேட்காமல் நாயைக் கையில் கொடுக்கும் குழுவை நான் நம்பமாட்டேன்.

நீங்கள் கேட்க வேண்டியவை அதன் அன்றாட நடத்தை பற்றியவை. படி ஏறி இறங்கத் தெரியுமா, புல்லில் கால் வைக்கிறதா, எங்கே சிறுநீர் கழிக்கிறது, இரவில் தனியே படுக்கிறதா, ஆண் குரலுக்கு மிரளுகிறதா என்று அதை இப்போது வீட்டில் வைத்திருப்பவரிடமே நேரடியாகப் பேசிக் கேளுங்கள். கூண்டில் வளர்ந்த நாய்க்குப் படுக்கும் இடத்திலேயே கழிப்பதைத் தவிர வேறு வழி இருந்திருக்காது. அதனால் இடம் பழகுவதற்குப் பல மாதங்கள் ஆகலாம்; உணவு முடிந்ததும், தூங்கி எழுந்ததும் அதே மூலைக்குக் கொண்டுபோய், போனவுடன் பாராட்டினால் கற்றுக்கொள்ளும். அடிக்கவோ முகத்தை அதில் தேய்க்கவோ செய்தால், உங்களுக்குத் தெரியாமல் கட்டிலுக்கடியில் போகத்தான் கற்றுக்கொள்ளும்.

அழைத்து வரும் நாளைச் சற்றுத் திட்டமிடுங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும் 14 கொண்டை ஊசி வளைவுகளில் பழகாத நாய் வாந்தி எடுக்கும் என்பதால், சில மணி நேரம் முன்பிருந்தே உணவு கொடுக்காமல் தண்ணீர் மட்டும் கொடுக்கச் சொல்லுங்கள். பர்லியாரில் குரங்குகள் அதிகம். அங்கே கதவைத் திறக்காதீர்கள். வீடு வந்து சேரும் வரை ஹார்னஸுடன் கழுத்துப்பட்டையும் போட்டு, இரண்டிலும் தனித்தனிக் கயிறு மாட்டிப் பிடித்திருங்கள். தத்துப் போன நாய்கள் தொலைந்துபோவது பெரும்பாலும் முதல் சில நாட்களில்தான், அதுவும் காரிலிருந்து இறங்கும் அந்த நொடியில்.

மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்று மீட்புப் பணியில் இருப்பவர்கள் ஒரு கணக்குச் சொல்வார்கள். மூன்று நாள் மிரட்சி, மூன்று வாரத்தில் வீட்டின் நேரங்காலம் பிடிபடும், மூன்று மாதத்தில் இது நம் வீடு என்ற நினைப்பு வரும். ஒவ்வொரு நாயும் அந்தக் கணக்குக்குள் அடங்காது. என்னிடம் இருந்த ஒரு பொமரேனியன், குக்கர் விசில் அடித்தால் அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே போய் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு நிற்கும். யாரும் இழுக்காமல், கூப்பிடாமல் விட்டதனால்தான் ஒருநாள் தானாகவே வெளியே வந்து அடுப்படி வாசலில் படுத்தது. உங்கள் வீட்டில் மலை ரயிலின் கூவலும் கேட்குமல்லவா? அதற்கும் பழக வேண்டும். எனவே முதல் வாரத்தில் உறவினர்களைக் கூட்டாதீர்கள். ஒரே அறை, ஒரு விரிப்பு, ஒரு கிண்ணம் போதும். அம்மா பக்கத்தில் நாற்காலியில் அமர்ந்து செய்தித்தாள் படிக்கட்டும். மடிக்கு அது வரும்போது வரட்டும், தூக்கி வைக்க வேண்டாம்.

காலில் இடறும் அச்சத்துக்கு எளிய வழி இருக்கிறது. ஹார்னஸில் சிறிய மணி ஒன்று கட்டுங்கள். சத்தத்துக்கு நாய் மிரளவில்லை என்றால், அது எங்கே இருக்கிறது என்பது அம்மாவுக்குக் காதாலேயே தெரியும். கட்டிலிலிருந்து கழிவறை வரை இரவு விளக்கு எரியட்டும். நாயின் படுக்கையை அந்தப் பாதையில் போடாதீர்கள்.

வெலிங்டன் அக்கா எழுதியது:

தங்கையே, எல்லோரும் நாயைப் பற்றிச் சொல்லிவிட்டார்கள். நான் ஆண்டுக் கணக்கைப் பற்றிச் சொல்கிறேன். நல்ல பராமரிப்பில் ஷிட்ஸு 12, 14 ஆண்டுகள் சாதாரணமாக வாழும். 5 வயதில் எடுத்தால், அம்மாவின் 80ஆம் வயதைத் தொட்டு நிற்கும். ஆகவே இந்த நாயைத் தத்தெடுப்பவர் அம்மா அல்லர், நீங்கள்தான். வேலை மாற்றம், திருமணம், அம்மா மருத்துவமனையில் சேர வேண்டிய நிலை என எது வந்தாலும் நாய் உங்களுடன் வரும் என்று உறுதியாகச் சொல்ல முடிந்தால் மட்டும் கையெழுத்திடுங்கள். எங்கள் தெருவில் ஒரு பெரியவர் காலமானபோது, வெளியூரிலிருந்து வந்த பிள்ளைகள் பதின்மூன்றாம் நாள் காரியம் முடிந்ததும் அவருடைய நாயை வாசலிலேயே விட்டுவிட்டு வீட்டைப் பூட்டிக்கொண்டு போனார்கள். அந்த நாய் பூட்டிய கதவின் முன் படுத்திருந்ததைப் பார்த்தவள் நான். இன்று அது எங்கள் வீட்டில் இருக்கிறது.

உறுதி சொல்ல முடியாவிட்டால், 9 அல்லது 10 வயதான நாயைக் கேட்டுப் பாருங்கள். வயதான நாய்களை எவரும் கேட்பதில்லை. அவை அதிகம் தூங்கும், அமைதியாக மடியில் கிடக்கும். அம்மாவுக்கும் அதுவே பொருத்தம் என்பது என் கருத்து.

உதகை வளர்ப்பகம் எழுதியது:

அக்கா சொன்னது முழுக்கச் சரி. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். வயதான நாய்க்கு மருத்துவச் செலவும் அடிக்கடி மருத்துவரிடம் போவதும் கூடும். நுட்பமான பரிசோதனை என்றால் கோயம்புத்தூருக்குத்தான் இறங்க வேண்டும், மழைக்காலத்தில் மண் சரிந்து பாதை அடைபடுவதும் உண்டு. வேலைக்குப் போகும் நீங்கள் அதையும் எண்ணிப் பார்த்து முடிவெடுங்கள். எந்த நாயானாலும், முதலில் தற்காலிகப் பராமரிப்பாகச் சில வாரம் வைத்திருந்து பிறகு தத்துப் பத்திரத்தில் கையெழுத்திடலாமா என்று குழுவிடம் கேளுங்கள். பல குழுக்கள் இதற்குச் சம்மதிக்கும்.

குன்னூர்வாசி எழுதியது:

அக்காவின் பதிலை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். வெகுநேரம் பேசினோம். நாய் என் பெயரில், என் பொறுப்பில் வரும் என்று முடிவாயிற்று. எனக்கு இயலாமல் போனால் அரவங்காட்டில் இருக்கும் என் சித்தி பொறுப்பேற்பதாகக் கடிதம் எழுதித் தந்திருக்கிறார். வீட்டு உரிமையாளரும் எழுத்தில் சம்மதம் கொடுத்துவிட்டார், பின்தாழ்வாரத்துக்குக் கம்பி வலை அடிக்கும் செலவில் பாதியையும் தாமே ஏற்பதாகச் சொன்னார். வயதான நாய் பற்றி யோசித்தோம். வேலை நாட்களில் அடிக்கடி மலையிறங்க என்னால் முடியாது என்பதால் இந்த 5 வயது நாயையே கேட்டிருக்கிறோம். தற்காலிகப் பராமரிப்பு முறைக்குக் குழுவினர் ஒப்புக்கொண்டார்கள். மருத்துவரின் குறிப்பையும் அனுப்பினார்கள்: இதயத்தில் குறை எதுவும் இல்லை, இடது முழங்கால் சில்லு மட்டும் லேசாக விலகுகிறதாம். அதனால் சோபாவிலிருந்து குதிக்காமலிருக்க ஒரு சாய்படி செய்யத் தச்சரிடம் சொல்லியிருக்கிறேன். கம்பி வலை வேலை முடிந்ததும் குழுவிலிருந்து ஒருவர் வீட்டைப் பார்க்க வருகிறார்.